ஆய்வின் முடிவை அந்த மக்களிடமும் கொண்டு வாருங்கள்

இடப்பெயர்வு, சமூக நீதி குறித்து யாழ்ப்பாணத்தில் கள ஆய்வு செய்யும் சமூகப்பணித் துறை ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த நலன்புரி நிலையங்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற உரிமையுடன் இம்மடலை எழுதுகிறேன்.

1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த அம்மா ஒருவரிடம், ஆய்வு மாணவர் ஒருவரை ஒருமுறை அழைத்துச் சென்றேன். பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த காணி உறுதிப் பிரதியையும் பழைய கூப்பன் அட்டையையும் அவர் பாயில் பரப்பினார். இரண்டு மணித்தியாலம் கதைத்தார். ஆங்கிலத்தில் அச்சிட்ட சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் வைத்தார். நாங்கள் புறப்படும்போது, "தம்பி, இந்த முறையாவது காணியை விடுவினமோ?" என்று கேட்டார். இராணுவத்தின் பிடியிலிருக்கும் காணியை விடுவிப்பதற்கான பதிவு என்று நம்பியே அவர் தன் வாழ்வை விரித்துச் சொல்லியிருக்கிறார். அதைச் சம்மதம் என்று கொள்ள என் மனம் இடந்தரவில்லை. ஆய்வு எதற்கானது, அதனால் எது கிடைக்காது என்பதை முதலிலேயே தமிழில், வாயால் சொல்லுங்கள்.

அதே ஆண்டு ஐப்பசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தமிழராகிய நாங்கள் எங்கள் இடப்பெயர்வைப் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அவர்களில் பலர் இன்றும் தஞ்சம் புகுந்த புத்தளத்துக்கும் யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் பகுதியான சோனகதெருவுக்கும் இடையே வந்துபோய் வாழ்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் அங்கே, காணி இங்கே. கதவு பூட்டியிருந்தால் "மீளத் திரும்பாதவர்" என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்பதே நீங்கள் ஆராய வேண்டிய விடயம். 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் இன்று மூன்று, நான்கு குடும்பங்களாகப் பெருகியிருக்க, காணி மட்டும் அதே அளவில் இருப்பதையும் உங்கள் வினாக்கொத்து கேட்க வேண்டும்.

2014இல் மெல்பேணில் ஏற்கப்பட்ட சமூகப்பணியின் உலகளாவிய வரைவிலக்கணம் சமூக நீதியையும் மனித உரிமையையும் அத்தொழிலின் மையத்தில் வைக்கிறது. அது ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தோடு நின்றுவிடலாகாது. கண்டறிந்தவற்றை நான்கு பக்கத் தமிழில் எழுதி, சனசமூக நிலையத்திலோ பள்ளிவாசலிலோ அந்த மக்கள் முன் வாசியுங்கள். பிழையென்று அவர்கள் சொல்வதைத் திருத்திய பின்னரே பல்கலைக்கழகத்தில் கையளியுங்கள்.

அந்த அம்மா என்னைக் காணும்போதெல்லாம் அந்த மாணவரை விசாரிக்கிறார். கொடுப்பதற்கு அந்த ஆய்வேட்டின் பிரதி என்னிடமும் இல்லை.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துச் சமூகப் பணியாளர் ஒருவர்