இணையத்தில் விற்க என்ன வேண்டும்?

ஆசிரியருக்கு,

வீட்டிலிருந்தே இணையத்தில் உழைக்கலாம் என்ற பேச்சு இப்போது வன்னியில் பரவலாகக் கேட்கிறது. நல்ல விடயம்தான். ஆனால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெண்கள் பலருக்கு வட்ஸ்அப்பில் வருவது வேலை அல்ல, வலை. "முதலில் காசு கட்டுங்கள், ஆட்களைச் சேருங்கள், கொமிஷன் வரும்" என்கிறார்கள். இது பிரமிட் திட்டம். இலங்கையில் வங்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது. பொருளை விற்பதைவிட ஆளைச் சேர்ப்பதற்கே அதிகக் காசு என்றால், கையெடுத்துக் கும்பிட்டு விலகிவிடலாம்.

விற்க நம்மிடமே பொருள் இருக்கிறது. ஒடியல் மா, பனங்கட்டி, கருவாடு, வறுத்து அரைத்த மிளகாய்த்தூள். கொழும்பில் இருப்பவர்கள் இவற்றை ஊரிலிருந்து வருவோரிடம் சொல்லிவிட்டு எடுப்பிக்கிறார்கள். பேஸ்புக் பக்கம் திறப்பது அரைமணி வேலை. அதற்கு வகுப்புக் கட்டணம் கேட்பவர்களை என்ன சொல்ல! கஷ்டம் அதற்குப் பிறகுதான். பொதியில் ஒட்டும் சுட்டுத்துண்டில் (லேபிள்) நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தயாரித்தவர் பெயர், முகவரி இருக்க வேண்டும். கருவாட்டைக் காற்றுப் புகாமல் பொதி செய்யாவிட்டால் கூரியர்காரர் எடுக்க மறுக்கலாம். பொருள் கிடைத்ததும் காசு என்ற முறையில், வாங்குபவர் திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு விற்பவர் தலையில் விழலாம். அதையும் விலையில் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

வணிகப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் நடக்கிறது. பதிய வருபவருக்கு இந்தப் பொதி, சுட்டுத்துண்டு, கூரியர் விபரங்களையும் அங்கேயே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன?

வாசகர்,
பரந்தன்