பானை உடைக்க அவளையும் கூப்பிடுங்கள்

காவிரிப் படுகை ஊர்களில் பொங்கல் விளையாட்டு விழா நடத்தும் இளைஞர் மன்றத்தாருக்கு,

அன்புத் தம்பிகளே, தங்கைகளே,

தை பிறந்தால் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் விளையாட்டு விழா நடக்காத ஊர் அபூர்வம். அதில் பார்வையில்லாத பிள்ளைக்கு நாம் ஒதுக்கும் இடம் மேடை ஓரத்து நாற்காலி. என் அக்கா மகளுக்குப் போன பொங்கலில் அதுதான் கிடைத்தது. கடைசியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். “நான் எதுல மாமா ஜெயிச்சேன்?” என்று கேட்டாள்.

அன்று அதே திடலில் பானை உடைக்கும் போட்டியும் நடந்தது. வருகிறவர் கண்ணைத் துண்டால் இறுக்கிக் கட்டி, சுற்றிவிட்டு, கையில் கம்பைக் கொடுக்கிறீர்கள். திசை பிடிக்கத் தெரிய வேண்டும், காலடி எண்ணத் தெரிய வேண்டும், கத்துகிற கூட்டத்தில் யார் சரியான வழி சொல்கிறார் என்று குரலை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். இதையெல்லாம் தினமும் செய்கிற பிள்ளையை உட்காரவைத்துவிட்டு அந்தப் போட்டியை நடத்தினார்கள்! எனக்கு இன்னும் ஆறவில்லை. அவளைக் கூப்பிட்டிருந்தால் சலுகையே தேவைப்பட்டிருக்காது. ஸ்பீக்கரில் ஓடும் சினிமாப் பாட்டை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்தால் போதும்.

கயிறு இழுக்கும் போட்டிக்கு எந்த மாற்றமும் வேண்டாம். ஓட்டப்பந்தயத்தில் பார்வையுள்ள பிள்ளை ஒன்றைத் துணைக்குச் சேருங்கள். சிறு கயிற்றின் ஒரு முனையை இவளும் மறுமுனையை அந்தப் பிள்ளையும் பிடித்து ஓடட்டும். பாராலிம்பிக்கில் முழுப் பார்வையற்றோர் ஓடுவதும் இப்படித்தான். பரிசை இருவருக்கும் கொடுங்கள்.

கோல்பால் என்றோர் ஆட்டம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946இல் உருவானது. அணிக்கு மூன்று பேர், பந்துக்குள் மணி, ஆடுகிற எல்லோருக்கும் கண்கட்டு. உருண்டு வரும் பந்தைச் சத்தத்தை வைத்தே தடுக்க வேண்டும். கோடுகளைக் காலால் தடவி அறிய, அடியில் கயிறு வைத்து மேலே டேப் ஒட்டுவார்கள். மணிப்பந்து கிடைக்காவிட்டால் சாதாரணப் பந்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள், சரசரக்கும். நெல் காயவைக்கும் களத்தில் படுதா விரித்துச் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே ஆடலாம். வேடிக்கை பார்ப்பவர்கள் மட்டும் பந்து உருளும்போது சத்தம் போடக்கூடாது.

பெற்றோர் அனுப்பத் தயங்குவார்கள். நம் பக்கம் திடலை ஒட்டியே வாய்க்கால் ஓடும். அந்தப் பயம் நியாயமானது. முதல் நாள் சாயங்காலமே பிள்ளையைக் கைப்பிடித்துத் திடலைச் சுற்றி நடத்துங்கள். மேடை, கொடிக்கம்பம், கரை எல்லாம் எங்கே என்று தெரிந்துகொள்ளட்டும். கரையோரம் கயிறு கட்டி ஆள் நிறுத்துங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தேவைதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆம் பிரிவு, பள்ளிகள் விளையாட்டிலும் சமவாய்ப்பு தர வேண்டும் என்கிறது. ஊர்த் திடலுக்கு அந்த நியாயத்தைக் கொண்டுவர உங்கள் மன்றம் ஒருநாள் கூடிப் பேசினால் போதும்.

நோட்டீஸ் அடிக்கும்போது பார்வையற்ற பிள்ளைகளையும் அழைத்து ஒரு வரி சேருங்கள். அவர்கள் வீட்டுக்கு நேரில் போயும் சொல்லுங்கள். பந்தும் கயிறும் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ஒரு தாய்மாமன்