பரோட்டாவுக்கு ஒரேயடியாகத் தடை போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை நோய் பற்றி எந்தக் கட்டுரை வந்தாலும் 'பரோட்டா, பஜ்ஜி, ஃபிரைடு ரைஸ் தொடவே கூடாது' என்றுதான் முடிகிறது. சொல்வது சுலபம். சாயங்காலம் மதுரைத் தெருமுனையில், கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவை அடுக்கி வைத்து இரண்டு கையாலும் தட்டி உதிர்க்கிறார்களே, அதைக் கடந்து வீட்டுக்குப் போகிறவனுக்குத்தான் தெரியும் கஷ்டம்.

எனக்கும் சர்க்கரை உண்டு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் எப்போதாவது சாப்பிடுகிறேன். முதலில் ஆம்லெட்டும் வெள்ளரியும், அப்புறம் ஒரே ஒரு பரோட்டா, சால்னா தொட்டுக்கொள்ள மட்டும், கூட கலர் சோடா கிடையாது, கை கழுவியதும் உட்காராமல் ஒரு நடை. முட்டையும் காயும் முதலில் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும். மைதாவோடு எண்ணெயும் சேர்வதால், இரண்டு மணி நேரத்தில் சோதித்தபோது சரியாக இருந்த அளவு அதற்குப் பிறகும் ஏறலாம், இதை யாரும் எழுதுவதில்லை. இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று. 10 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல்கள் மெனுவில் கலோரி அளவைப் போட வேண்டும் என்ற விதி 2022-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. சரி, ஆனால் எங்களுக்கு முக்கியமாக வேண்டியது மாவுச்சத்து எத்தனை கிராம் என்பது. 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை உள்ள நாட்டில் இதைக் கேட்பது அதிகமில்லை. அதையும் போடச் சொல்லி எழுதுங்கள். அரை பிளேட் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கச் சொல்லியும்!

- ஒரு வாசகர், மதுரை