ஈஸ்ட்ஹாம் கல்லூரியும் நம்மவர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

லண்டனில் படிப்பு என்றாலே பல்கலைக்கழகங்களை மட்டுமே பேசும் நம்மவர்கள், ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் சவுத்தில் இருக்கும் நியூஹாம் கல்லூரியைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பள்ளித் தேர்வில் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ தேர்ச்சிக்குரிய நான்காம் தரத்தை எட்டாத பிள்ளை அப்பாடத்தை விடாமல் தொடர்வதற்கும், இலங்கையிலிருந்தோ தமிழகத்திலிருந்தோ நடுவயதில் வந்து சேர்ந்தவர் ஆங்கிலம் கற்று, மருத்துவரிடம் தம் நோயைத் தாமே எடுத்துச் சொல்லும் நிலைக்கு வருவதற்கும் இத்தகைய கல்லூரிகளே கைகொடுக்கின்றன. மொழிபெயர்க்கப் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லும் பெற்றோர் நம்மிடையே எத்தனை பேர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1993இல் இக்கல்லூரிகள் உள்ளாட்சி மன்றங்களின் கட்டுப்பாட்டிலிருந்து விலகித் தனித்து இயங்கத் தொடங்கின. லண்டனில் வயதுவந்தோர் கல்விக்கான நிதியை 2019 முதல் மேயர் நிர்வாகமே பகிர்ந்தளிக்கிறது. ஊதியம் குறைந்தவர்களுக்குப் பல வகுப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன என்பது, கடைகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் உழைக்கும் பலருக்குத் தெரியாது என்றே எண்ணுகிறேன். தெரிந்தாலும், இரவுப் பணி முடித்து வருபவர் காலை வகுப்பில் எப்படி அமர்வார்? மாலை நேர, வார இறுதி வகுப்புகளுக்கு நிதி ஒதுக்கீட்டில் முன்னுரிமை தர வேண்டும். சேர்க்கை அறிவிப்புகளை நம் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் தம் அறிவிப்புப் பலகைகளில் ஒட்ட முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மேனர் பார்க், லண்டன்.