பாதுகாப்பு ஸ்கேன் செயலியின் குறைபாடும் உதவிப் பிரிவின் நடத்தையும் தொடர்பான முறைப்பாடு

கிளிநொச்சி

முகாமையாளர் அவர்கட்கு,

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் மென்பொருளின் பாதுகாப்பு ஸ்கேன் அறிக்கைகளில் வரும் குறைகளை இஷ்யூக்களாக, அதாவது தீர்க்கவேண்டிய பிரச்சினைப் பதிவுகளாகத் திறந்து, அவை தீரும்வரை பின்தொடரும் செயலி ஒன்றை உருவாக்கித் தருவதாக ஒப்பந்தம் செய்து, நான்கரை இலட்சம் ரூபாயையும் முழுவதுமாகப் பெற்றுக்கொண்ட நீங்கள், மூன்று மாதங்களாக எங்களை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பதினாறு மின்னஞ்சல்களுக்கும் ஒரு கொழும்புப் பயணத்துக்கும் பின்னர், வேறு வழியின்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குறை என்னவென்று உங்களுக்குத் தெரியும். செயலியை எழுதியவர்கள் நீங்கள். நிரல் கோப்பின் தொடக்கத்தில் நாங்கள் ஒரு வரியைச் சேர்த்தாலே போதும், அதற்குக் கீழே ஏற்கெனவே பதிவாகியிருந்த குறைகள் அத்தனைக்கும் அது மறுபடியும் இஷ்யூ திறக்கிறது. வரி இலக்கத்தைக் கொண்டு குறையை அடையாளம் காண்பதே இதற்குக் காரணம் என்பதை எங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்து உங்களுக்கு எழுதினார்கள். வரிகள் இடம் மாறினாலும் அதே குறைதான் என்று இனங்காண்பதற்காகவே ஸ்கேன் அறிக்கைகளுக்கான சாரிஃப் 2.1.0 தரத்தில் கைரேகை என்ற அடையாளக் குறியீட்டுக்கென்று தனி இடம் இருக்கிறது; எங்கள் ஸ்கேனர் அதை நிரப்பித்தான் அனுப்புகிறது; உங்கள் செயலி அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. 37 குறைகள் இருந்த இடத்தில் ஒரே மாதத்தில் 412 இஷ்யூக்கள் குவிந்தன. பொய் எச்சரிக்கை என்று காரணம் எழுதி நாங்கள் மூடியவை மறுநாள் காலையில் திறந்து கிடக்கின்றன. திருத்தி முடித்தவையோ மூடப்படாமலே நிற்கின்றன.

இவற்றைக்கூடப் பொறுத்திருப்போம். உங்கள் உதவிப் பிரிவில் பேசியவர், நான் கைரேகை பற்றி விளக்கத் தொடங்கியதுமே இடைமறித்து, "முதலில் உங்கள் பக்கத்து இணையம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பாருங்கள், கிளிநொச்சியில் நான்கு பேர் வேலை செய்யும் இடத்துக்கு இந்தச் செயலி எதற்கு, எக்செலில் எழுதி வைத்தால் போதாதா?" என்று கேட்டார். அந்த நான்கு பேரில் இருவர் அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படித்து வெளியேறியவர்கள். ஒலிபெருக்கியில் அதைக் கேட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார்கள். அவர்களின் முகத்தைப் பார்க்க அன்று எனக்குத் துணிவு வரவில்லை.

நேரில் வந்தால் தீர்ந்துவிடும் என்று நாளும் நேரமும் குறித்து எழுதியது உங்கள் அலுவலகம். இரவுப் பேருந்தில் 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து, விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறங்கி, உறவினர் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு ஒன்பது மணிக்கு உங்கள் வாசலில் நின்றேன். பன்னிரண்டரை மணிவரை வரவேற்பறையில் காத்திருந்த பின்னரே, பொறியியலாளர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றும், அங்கேயே அமர்ந்து காணொளி அழைப்பில் அவருடன் பேசலாம் என்றும் சொன்னார்கள். அந்த அழைப்பை நான் கிளிநொச்சியிலிருந்தே எடுத்திருப்பேனே ஐயா! அதுவும் பதினைந்து நிமிடத்தில் அறுந்தது. பிறகு எவரும் அழைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எக்செல் பற்றிச் சொன்ன அதே நபர், எங்கள் நிரல் களஞ்சியத்தில் எழுதும் உரிமையுள்ள டோக்கனை, அதாவது கடவுச்சொல் போன்ற இரகசியக் குறியீட்டை, வட்ஸ்அப்பில் அனுப்பும்படி இரண்டு தடவை கேட்டார். பாதுகாப்புச் செயலி செய்து விற்கும் நிறுவனத்தில் இப்படிக் கேட்கலாமா? நான் மறுத்ததை, "வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறார்கள்.

இதனால் விளைந்தது சிறிய நட்டமன்று. முல்லைத்தீவில் உள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று எங்கள் கணக்கு மென்பொருளில்தான் உறுப்பினர்களின் அடையாள அட்டை இலக்கங்களையும் கடன் விபரங்களையும் வைத்திருக்கிறது. அந்த மென்பொருளின் பழைய அறிக்கை அச்சிடும் பகுதியில் லொக்ஃபோர்ஷெல் என்ற பாதுகாப்புக் குறை, அதாவது 2021 டிசெம்பரில் வெளிவந்து, தீவிரத்தில் பத்துக்குப் பத்து மதிப்பிடப்பட்டு, குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2021-44228 என்று இலக்கமிடப்பட்ட அதே குறை, இருந்திருக்கிறது. ஸ்கேனர் அதைக் கண்டுபிடித்தது. உங்கள் செயலி இஷ்யூவும் திறந்தது. ஆனால் அது ஏறத்தாழ நானூறு போலிகளுக்கு அடியில் புதைந்துபோனது. சங்கத்துக்காகப் பரிசோதித்த வெளியாள் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது. ஐந்து ஆண்டுகளாக வீடு வீடாக, சங்கம் சங்கமாக நடந்து சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் அழிந்துவிட்டது. வன்னியில் இனி எவர் எங்களிடம் மென்பொருள் வாங்குவார்?

உங்கள் நிறுவனத்தில் நல்ல பொறியியலாளர்கள் இருப்பதை நான் அறிவேன். அதனால்தான் உங்களைத் தெரிவுசெய்தோம். எனவே தயவுசெய்து, இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் கைரேகையைக் கொண்டு குறைகளை இனங்காணும்படி செயலியைத் திருத்தி, நாங்கள் மூடியவற்றை மூடியபடியே விட்டு, குவிந்து கிடப்பவற்றை எங்கள் குறிப்புகள் அழியாமல் ஒன்றுசேர்த்துத் தாருங்கள். அந்த நபர் எங்கள் பிள்ளைகள் இருவரிடமும் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

தவறினால் முழுப் பணத்தையும் பயணச் செலவையும் கோரி, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன். மின்னஞ்சல்கள் அனைத்தும் அச்செடுக்கப்பட்டுத் தயாராக உள்ளன, சட்டத்தரணியிடமும் பேசிவிட்டேன்.

அந்த நிலை வராது என்றே இன்னமும் நம்புகிறேன். இம்முறை உங்கள் பொறியியலாளர் கிளிநொச்சிக்கு வரட்டும். எந்நேரமானாலும் பேருந்து நிலையத்துக்கு வந்து நானே அழைத்துச் செல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தொழில்நுட்பப் பொறுப்பாளர்