அப்பாவின் கால் புண் ஆறிவிட்டது, எல்லோருக்கும் நன்றி

கரண்டைக்கு மேலே, உள்பக்கமாக இருந்த அந்தப் புண் மூடிவிட்டது. மார்த்தாண்டத்தில் அப்பாவைத் தெரிந்தவர்கள் எல்லோரும் விசாரித்திருக்கிறீர்கள், முதல் கேள்வி எப்போதும் "சுகர் உண்டா?" என்பதுதான், இல்லை என்று சொன்னால் யாரும் நம்பியதில்லை.

முதலில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் பார்த்த டாக்டருக்கு நன்றி. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, காலில் இருந்து ரத்தத்தை மேலே அனுப்பும் நாளத்தில் வால்வு பழுது, ரத்தம் கீழேயே தேங்குகிறது, அதனால்தான் தோல் கறுத்து உடைந்து ஆறாமல் நிற்கிறது என்று விளக்கியவர், அடுத்து கேட்டது குடும்பத்தில் வேறு யாருக்காவது நரம்பு சுருண்டிருக்கிறதா என்று. பெரியப்பாவுக்கு உண்டு, பாட்டிக்கும் இருந்தது. பரோட்டா மாஸ்டராக நாள் முழுக்க கல்லின் முன்னால் நிற்பதும் காரணம்தான், ஆனால் அதே கடையில் அதே நேரம் நின்ற மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை? பத்தியம் காக்காததால், யாரோ விட்ட சாபத்தால் என்றெல்லாம் அப்பாவிடமே சொன்னவர்கள் உண்டு, அவர்களுக்கு நன்றி கிடையாது.

அப்புறம் பயோடெக் படிக்கும் அத்தை மகளுக்கு. 2020இல் டெக்சாஸ் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அவள்தான் உட்கார்ந்து விளக்கினாள். ஆறாத புண் உள்ளவர்களின் மரபணுக்களையும் புண்ணில் குடியிருக்கும் பாக்டீரியாவையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். டிஎல்என்2, இசட்என்எஃப்521 என்ற இரண்டு மரபணுக்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறுவதற்கும், புண்ணில் எத்தனை வகை பாக்டீரியா தங்குகிறது, சூடோமோனாஸ் போன்றவை எவ்வளவு பெருகுகின்றன என்பதற்கும் தொடர்பு தெரிந்ததாம். வகை குறைந்த புண்தான் ஆற அதிக நாள் எடுத்தது என்றதும் எனக்கு நம்ப முடியவில்லை, கிருமி குறைந்தால் நல்லதுதானே என்று நினைத்திருந்தேன். "மாமா, இதுக்காக ஜீன் டெஸ்ட் எதுவும் வேண்டாம், கட்டு மட்டும் ஒழுங்கா போட்டா போதும்" என்று முடித்தாள்.

அந்தக் கட்டைப் போட்ட நர்ஸ் அக்காவுக்குத்தான் பெரிய நன்றி. பாதத்துக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே தொடங்கினார், விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஒரே சீராக அழுத்திச் சுற்றுவார், அரிக்கிறது என்று அப்பா அவிழ்த்துவிட்டால் அன்றைக்குக் கிடைக்கும் திட்டு தனி. வாரம் தவறாமல் கூட்டிப் போய் வந்த ஆட்டோ அண்ணனுக்கும், அப்பாவைக் கல்லில் இருந்து கல்லாவுக்கு மாற்றி, கால் நீட்ட ஒரு ஸ்டூலும் போட்டுக்கொடுத்த முதலாளிக்கும் நன்றி. காலை அழுத்திப் பிடிக்கும் சாக்ஸ் மட்டும் தொடர்ந்து போட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரலாம் என்கிறார்கள்.

என் கெண்டைக்காலிலும் இப்போது நரம்பு தெரிகிறது. பெரியப்பா மகனையும் கூட்டிக்கொண்டு அடுத்த வாரம் ஸ்கேனுக்கு வருகிறோம் டாக்டர், கூட்டத்தில் கொஞ்சம் கண்டுகொள்ளுங்கள்.