கட்டுப் போட்ட கையும் கோக்கமும்

மாட்டுங்கா, மும்பை
மே 12

அன்புள்ள கோமு,

எழுத்து கோழி கிளறியது போல் இருந்தால் பொறுத்துக்கொள். ஆறு வாரம் மாவுக்கட்டுக்குள் கிடந்த வலது கை நேற்றுதான் வெளியே வந்தது. மார்ச் கடைசியில் மாடிப்படி துடைத்த ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டில் எலும்பு விட்டுவிட்டது. போனில் சொன்னால் நீ மறுநாளே ரயில் ஏறிவிடுவாய் என்றுதான் மூச்சு விடவில்லை. உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் வராததற்கு இதுதான் காரணம், கோபமெல்லாம் இல்லை. தோல் வெளுத்துச் சுருங்கி, யாருடைய கையோ போல் இருக்கிறது. விரலை மடக்கி நீட்டிப் பழகச் சொன்னார் டாக்டர். இந்தக் கடிதம்தான் எனக்குப் பயிற்சி.

இனிமேல் சொல்வதை உட்கார்ந்துகொண்டு படி. இந்த ஆறு வாரமும் எங்கள் வீட்டில் சமைத்தது இவர்.

ஆமாம், இவர்தான். 1983இல் நான் மணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் தண்ணீர் குடிக்க மட்டுமே அடுப்படிக்குள் நுழைந்த மனிதர். மகன் ஆள் வைக்கலாம் என்றான். இவர் கேட்கவில்லை. "ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருடம் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பூட்டியவனுக்கு ஒரு சாம்பார் வராதா?" என்று கேட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டும் கடிகாரமும் எடை போடும் மெஷினுமாக உள்ளே போய்விட்டார். நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "பருப்பு எவ்வளவு?" என்பார். "ஒரு கை" என்பேன். "யாருடைய கை?" என்பார். 1915இலிருந்து நடக்கிற ஒர்க்‌ஷாப்பாம் அது. அங்கே கண்ணளவு என்ற பேச்சே கிடையாதாம். கடைசியில் நான் இடது கையால் பயத்தம்பருப்பை அள்ளிக் கிண்ணத்தில் போட, இவர் அதை நிறுத்து எழுதிக்கொண்டார். 42 கிராம். நாற்பது வருடமாக என் கை எவ்வளவு என்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

முதல் வாரம் அடுப்புப் பக்கம் போகப் பயம். குக்கரில் சோறு மட்டும் வைப்பார், மற்றதெல்லாம் தீயில்லாச் சமையல். கோசுமல்லி, வெள்ளரிக்காய்ப் பச்சடி, பச்சை மாங்காய் துருவிப் போட்ட தயிர், நீர்மோர், பானகம். இங்கே வெயில் உங்கள் தென்காசி வெயில் மாதிரி சுடாது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு டிகிரிதான் காட்டும். ஆனால் கடல் ஈரம் சேர்ந்து ஆளை அவித்து எடுத்துவிடும். அந்தப் புழுக்கத்தில் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்து, அதன் முன்னால் நின்று வேர்த்து, பிறகு பசியே இல்லாமல் நான் சாப்பிட்ட கோடைகளை எண்ணிப் பார்த்தேன். எதற்காகச் செய்தேன் என்று தெரியவில்லை. மதியச் சாப்பாடு என்றால் குழம்பு, ரசம், கறி என்று இருக்க வேண்டும் என எவரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

ஒரு நாள் இவர் வெள்ளரிக்காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முனையில் விரலகலம் வெட்டினார். வெட்டிய துண்டை எறியவில்லை. அதையே காயின் வெட்டுவாயில் வைத்து வட்டமாகத் தேய்த்தார். வெள்ளையாக நுரை வந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுமுனைக்கும் அப்படியே செய்தார். கசப்பு இறங்கட்டும் என்று நம் அம்மாக்கள் செய்வார்களே, அதேதான். நான் சொல்லித்தரவில்லை. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் நீ இதைத்தானே செய்துகொண்டிருப்பாய்" என்றார், தலை நிமிராமல். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை கோமு.

உப்பு விஷயத்தில் என்னையே மிஞ்சிவிட்டார். கோசுமல்லியில் உப்பை முதலிலேயே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுக் கூழாகிவிடுகிறது என்று மூன்று கிண்ணங்களில் பரிசோதனை செய்து கண்டுபிடித்து, சாப்பிட இலை போட்ட பிறகுதான் உப்பு என்று நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார். நான் அவசரத்தில் எப்போதும் முன்னால் போட்டுவிடுவேன். ஒருநாளும் குறை சொன்னதில்லை, அந்தக் கூழையும் சாப்பிட்டிருக்கிறார்.

மாவடுவும் இந்த வருடம் இவர் கைதான். இங்கே மார்க்கெட்டில் வாழைப்பூ, சின்ன வெங்காயம், முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும், ஊரை விட்டு வந்தது போலவே தோன்றாது என்று உனக்குத் தெரியும். ஏப்ரல் முதல் வாரம் மூன்று கிலோ வாங்கினோம். துடைத்து விளக்கெண்ணெய் புரட்டி, கிலோவுக்கு 200 கிராம் கல்லுப்பு, மஞ்சள், கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி. ஜாடியைத் தினமும் குலுக்க வேண்டும் அல்லவா, அதற்குக் கைப்பேசியில் மணி வைத்திருக்கிறார். காலை ஏழு மணிக்கு அது அடிக்கும்போது பக்கத்து வீட்டுக் குழந்தைகூட "மாவடு, மாவடு" என்று கத்துகிறது.

இனி கோக்கம் கதை. எதிர்வீட்டு மராத்தி அம்மாள் கொங்கண் கடற்கரையில் மால்வண் பக்கத்துக்காரர். ஒவ்வொரு மே மாதமும் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் கோக்கம் கொண்டுவந்து தருவார். நம் குடம்புளிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள். பழத்தோலை அதன் சாற்றிலேயே நனைத்து நனைத்து வெயிலில் காயவைத்து எடுக்கிறார்கள். கறுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும். ஆமசூல் என்பார்கள். இத்தனை வருடம் நான் அதை வாங்கி, சிரித்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவேன். புளி இருக்கும் வீட்டில் இது எதற்கு என்ற திமிர்தான். இந்த வருடம் நான் ஸ்டூலில் இருந்ததால் அந்த அம்மாள் நேராக இவரிடமே கொடுத்துவிட்டு, செய்முறையையும் சொல்லிவிட்டுப் போனார். கோக்கத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, தேங்காய்ப்பாலில் கலந்து, பச்சை மிளகாய், ஒரு பல் பூண்டு, சீரகம் தட்டிப் போட்டால் சோல் கடி. வெளிறிய ரோஜா நிறத்தில் வரும். சோற்றிலும் விட்டுக்கொள்ளலாம், டம்ளரிலும் குடிக்கலாம்.

அடுப்பே வேண்டாத பண்டம். ஆனால் அதற்குள் இவருக்குத் தைரியம் வந்துவிட்டிருந்தது. தேங்காய்ப்பால் என்றதும் நம் சொதி நினைவுக்கு வந்துவிட்டது. "சொதியைச் சூடாகத்தானே சாப்பிடுவோம்" என்று சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார். நான் குளியலறையிலிருந்து வருவதற்குள் பால் திரிந்து, மேலே வெள்ளைக் கட்டியும் கீழே சிவப்புத் தண்ணீருமாகப் பிரிந்துவிட்டது. புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் தேங்காய்ப்பால் தாங்குமா? சொதியிலேயே முதல் பாலைக் கடைசியில் விட்டு, கொதி வருமுன் இறக்கி, அதன் பிறகுதானே எலுமிச்சம்பழம் பிழிவோம்? இதைச் சொன்னதும், "அந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறதென்று ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று என்மேல் பாய்ந்தார். எனக்கே காரணம் தெரியாது. அம்மா அப்படிச் செய்தாள், நானும் செய்தேன்.

மறுநாள் அடுப்பில்லாமல் செய்து, பானைத்தண்ணீர் பக்கத்தில் வைத்துக் குளிரவிட்டுத் தந்தார். கோமு, இருபது கோடைகளை வீணாக்கிவிட்டேன். வயிற்றில் குளுகுளுவென்று இறங்குகிறது. எதிர்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்காத குறைதான்.

மாம்பழம் பற்றி எழுதாவிட்டால் நீ விடமாட்டாய். ஹாபூஸ், அதாவது அல்போன்சா சீசன் முடியப்போகிறது. ரத்னகிரி, தேவ்கட் ஹாபூஸ் என்றால் வைக்கோல் போட்ட மரப்பெட்டியில் வரும், டஜன் கணக்கில்தான் விலை. 2018இல் கொங்கண் ஹாபூஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் ஏமாற்று நிற்கவில்லை. ஏப்ரலில் ஒரு கடையில் இவர் தனியாகப் போய் ரத்னகிரி என்று இரண்டு டஜன் வாங்கி வந்தார். மேல் வரிசை மணந்தது. வைக்கோலை விலக்கினால் கீழ் வரிசை வேறு ஜாதி, கல் மாதிரி. நாலு நாள் வைத்தும் பழுக்காமல் சுருங்கியது. அடுத்த முறை நானே கட்டுப் போட்ட கையோடு போனேன். இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் காம்புப் பக்கத்தை மூக்கருகில் வைத்துப் பார்ப்பேன். நல்ல பழம் அங்கேதான் முதலில் மணக்கும். தோல் பளபளவென்று இருப்பதைவிட லேசாகச் சுருக்கம் விழுந்ததைத்தான் எடுப்பேன். கடைக்காரன் முகம் சுளித்தான். சுளிக்கட்டும். இருந்தாலும் உன் இமாம் பசந்தை இது வென்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை, அந்தச் சண்டையைத் தொடங்காதே.

வெளியே சாப்பிட்டதும் உண்டு. வாரம் ஒரு நாள் இவர் தமக்கே விடுமுறை அறிவித்துக்கொள்வார். சித்திரை பிறந்த மறுநாள் ஸ்டேஷன் பக்கத்து ராமா நாயக் போர்டிங்குக்குப் போனோம். நினைவிருக்கிறதா? 1988 மே மாதம், நீ பம்பாய் பார்க்க வந்த முதல் நாள் அங்கேதான் கூட்டிப் போனேன். 1942இல் ஆரம்பித்த உடுப்பிச் சாப்பாட்டுக் கடை, இன்றும் மாடியில் வாழையிலைதான். நீ மூன்றாவது தடவை ரசம் கேட்டதும் பரிமாறியவர் வாளியையே உன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நீ வெட்கப்படாமல் அதிலிருந்து ஊற்றிக்கொண்டாய். நான்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறை வெட்கம் என்முறை. வலது கை தூளியில் தொங்குகிறது, இலைக்கு முன்னால் இடது கையில் ஸ்பூனோடு உட்கார்ந்திருக்கிறேன். ஸ்பூன் இலையில் வழுக்கி வழுக்கி ஓடுகிறது. இவர் தம் இலையை விட்டுவிட்டு, என் இலையில் கைவைத்துச் சோற்றையும் சாம்பாரையும் பிசைந்து, ஸ்பூன் கொள்ளும் அளவுக்குச் சின்னச் சின்ன உருண்டையாக வரிசை வைத்தார். எதிரே இருந்த பெண் பார்த்தாள், நானும் பார்த்தேன். ரசம் வந்ததும் பரிமாறுகிற பையன் எதுவும் கேட்கவில்லை, ஒரு டம்ளரைத் தேடி எடுத்து அதில் ஊற்றி என் இடது கைப்பக்கம் வைத்தான். அந்த ரசத்தின் ருசியை எழுத எனக்குத் தெரியவில்லை.

காளபாதேவி தாக்கர் போஜனாலயத்துக்கும் ஒருநாள் போனோம். 1945இலிருந்து இருக்கிற குஜராத்திச் சாப்பாட்டுக் கடை. வெயில் காலமென்றால் ஆம்ரஸ் என்கிற மாம்பழக் கூழும் பூரியும். கிண்ணம் காலியாவதற்குள் அடுத்த கரண்டி விழும். இவர் ஆறு கிண்ணத்துக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டார், டாக்டரிடம் சொல்லவில்லை. மகன் அழைத்துப் போன புதிய ஹோட்டல் ஒன்றும் உண்டு, பெயர் வேண்டாம். ஏசிக் குளிரில் நெய் உறைந்து சோற்றின்மேல் வெள்ளையாக நின்றது. புழுக்கத்துக்குத் தப்பி வந்தவர்கள் சால்வை கேட்க வேண்டியதாயிற்று. பில்லைப் பார்த்த பிறகு நன்றாகவே வேர்த்தது.

நேற்றுக் கட்டுப் பிரித்துவிட்டு வந்ததும், இன்று காலை நானே காபி போடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். டிகாக்‌ஷன் பாத்திரம் வைத்த இடத்தில் இல்லை. டப்பாக்களெல்லாம் உயர வரிசைப்படி மாறியிருக்கின்றன, எல்லாவற்றிலும் எடை எழுதிய சீட்டு. திரும்பினால் இவர் வாசலில் நிற்கிறார். "என்ன வேண்டும்?" என்று கேட்டார், என் வீட்டு அடுப்படியில், என்னிடம்! கொஞ்சம் சுருக்கென்றது. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இங்கே மழை ஜூன் 11 வாக்கில் இறங்கும். உங்களுக்கும் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நீ நகரமாட்டாய். அதற்கு முன்னால் வா. கடைசிப் பெட்டி ஹாபூஸை உனக்காக வைக்கச் சொல்கிறேன். நீ வருகிற அன்று சொதி வைக்கப்போவதாக இவர் முடிவே செய்துவிட்டார். சொதி என்றால் இஞ்சிப் பச்சடி இல்லாமல் முடியாது, நோட்டில் அதற்கென்று கடைசிப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறார். உன் மறுவீட்டுச் சாப்பாட்டில் உன் அம்மா செய்ததுபோல் வர வேண்டுமாம். இஞ்சி, புளி, பச்சை மிளகாய், வெல்லம் என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு என்றுதான் சொல்லத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் பேனாவோடு பக்கத்தில் நிற்கிறார். ஒரு துண்டு, ஓர் எலுமிச்சை அளவு என்றெல்லாம் எழுதிவிடாதே, ஒத்துக்கொள்ளவே மாட்டார். கடையில் எடை போட்டாவது கிராமில் எழுது.

உன்,
சாலா